குளத்தில் தூவியது சுண்ணாம்பு

மேலநத்தம்,
முத்துப்பேட்டை வழி.
9-3-2025

அன்புள்ள அண்ணனுக்கு மாலதி எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? உங்கள் பாலைவனக் கேம்ப்பில் வெள்ளிக்கிழமைதான் சிக்னல் கிடைக்கிறது. அன்றைக்கும் சேரன் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். வீடே கேட்கும்போது நான் என்னத்தைப் பேசுவது? அதனால்தான் பழையபடி கடிதம். சிரிக்காதீர்கள்.

நோன்பு தொடங்கிவிட்டது. மீரா உசேன் அண்ணன் வீட்டிலிருந்து எப்போதும்போல சபிஹா கஞ்சி கொடுத்தனுப்பினாள். உங்கள் மருமகன் சேரன் என்ன செய்தான் தெரியுமா? தூக்கைத் திறந்துகூடப் பார்க்காமல் மாட்டுத் தொட்டியில் கவிழ்த்துவிட்டான். "என்னத்தடா பண்ற?" என்று கத்தினேன். "இவனுங்க என்ன கலந்து குடுக்குறானுங்கன்னு யாருக்கும்மா தெரியும்? நீ நியூஸே பாக்குறதில்லையா?" என்கிறான். மாடு குடித்தது, மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையேடா என்றேன். "ஒனக்கு எல்லாமே வெளையாட்டு" என்று முறுக்கிக்கொண்டு போய்விட்டான்.

படிப்பு முடித்து இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். பகலெல்லாம் போன். சாயங்காலம் ஆனால் டி.வி.யில் நாலு பேர் உட்கார்ந்து கத்துகிறார்கள், இவனும் சேர்ந்து கத்துகிறான். சபிஹா மகன் நௌஷாத்தும் இவனும் ஒரே பைக்கில் காலேஜ் போனவர்கள். இப்போது அவன் தெருவில் வந்தால் இவன் கதவைச் சாத்துகிறான். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் பேச்சுக்கு மரியாதை உண்டு. மாத்திரையை நேரத்துக்குப் போடவும்.

தங்கை,
மாலதி

*

ஓமன்,
26-3-2025

அன்புத் தங்கை மாலதிக்கு,

கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராதே, டாக்டரிடம் காட்டு.

கஞ்சி விஷயம் படித்து எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதினோரு வருஷமாக நான் மீரா உசேன் சமைத்ததைத்தான் தின்கிறேன். அவன் அதில் கலப்பது மிளகாய்த்தூள் மட்டும்தான், அதுவும் கூடுதலாக. எனக்குச் சர்க்கரை ஏறினால் கேட்காமலே சோற்றைக் குறைத்து வைப்பவன் அவன். இதை உன் பிள்ளையிடம் சொல்.

அன்றைக்கு என் கையில் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "என்ன குணா, வீட்டுல கஞ்சி குடுத்தாளாமா? எப்புடி இருந்துச்சாம்?" என்று கேட்டான். நல்லா இருந்துச்சாம் என்றேன். பொய் சொல்லிவிட்டு அவன் போட்ட டீயையே குடித்தேன்.

ஒரு நல்ல செய்தி. எங்கள் கம்பெனியில் இரண்டு சூப்பர்வைசர் வேலை வருகிறது. மீரா உசேன் மேலே பேசியிருக்கிறான். "ரெண்டு பயலுவளையும் ஒண்ணா இழுத்துப்போட்டுக்குவோம்" என்கிறான். சேரனை பாஸ்போர்ட் எடுக்கச் சொல். கல்யாணம் காட்சி இல்லாத எனக்கு அவனை விட்டால் யார் இருக்கிறார்கள்? இங்கே வந்து நாலு மனிதரோடு பழகினால் தெளிந்துவிடுவான்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லவும்.

குணசேகரன்

*

மேலநத்தம்,
18-4-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் உடம்பு தேவலையா? இங்கே உளுந்து பறித்து முடித்தோம்.

சேரனிடம் சொன்னேன். "ஒட்டகம் மேய்க்கச் சொல்றியா? அதுவும் அவங்க சிபாரிசுல போயி?" என்று எகிறினான். அவர் இரண்டு அறை வைக்கிறேன் என்று எழுந்தார், நான்தான் நடுவில் விழுந்து தடுத்தேன். இருபத்துமூன்று வயதுப் பிள்ளையை அடித்தா திருத்த முடியும்?

ஒருநாள் பேப்பரில் பார்த்தேன். பைக் திருடிய ஒருத்தன், உங்கள் மாப்பிள்ளை பேர்தான் அவனுக்கும், தியாகராசன். தலைப்பில் "வாலிபர் கைது" என்று போட்டிருந்தது. பக்கத்திலேயே இன்னொரு திருட்டு. அதற்கு மட்டும் தலைப்பிலேயே பேர், தகப்பன் பேர், தெரு, "பின்னணியில் யார்?" என்று கேள்வி வேறு. இரண்டும் பைக்தானே, ஏன்டா இப்படிப் போட்டிருக்கிறான் என்று கேட்டேன். "நம்மாளு பசிக்குத் திருடுவான். அவங்க செஞ்சா அதுல ஒரு திட்டம் இருக்கும்மா" என்று எனக்குப் பாடம் எடுக்கிறான். என் வயிற்றில் பிறந்தவன் வாயில் டி.வி.க்காரன் உட்கார்ந்து பேசுகிறான் அண்ணா. எனக்குப் பயமாக இருக்கிறது.

நௌஷாத் சமர்த்து. விசா வருகிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று ஊர்க்குளத்தை ஏலம் எடுத்திருக்கிறான். தண்ணீர் வந்ததும் மீன் விடப்போகிறானாம்.

மாலதி

*

ஓமன்,
11-5-2025

அன்புத் தங்கைக்கு,

சுகம். உன் சுகத்துக்கும் எழுது.

நௌஷாத் பேரை மட்டும் கொடுத்துவிட்டோம். சேரன் ஏன் வரவில்லை என்று மீரா உசேன் கேட்டான். அரசாங்க வேலைக்குப் படிக்கிறான் என்றேன். "படிக்கட்டும் படிக்கட்டும், நல்ல மூள அவனுக்கு" என்று சந்தோஷப்பட்டான். இந்த மனுஷனிடம் இன்னும் எத்தனை பொய் சொல்ல வைப்பான் உன் பிள்ளை?

அந்தப் போனை வாங்கி அனுப்பிய என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

குணசேகரன்

*

மேலநத்தம்,
3-8-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அங்கே வெயில் எப்படி? எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்க வேண்டாம். முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டேன். பாமணியாற்றில் தண்ணீர் வந்து வாய்க்காலும் குளமும் நிறைந்துவிட்டன.

நம் ஊரில் ஒரு சங்கடம் நடந்துவிட்டது. மீன் குஞ்சு விடுவதற்கு முன்னால் குளத்தில் சுண்ணாம்புத்தூள் தூவுவார்களே, நௌஷாத் அதைத்தான் போன வாரம் விடிகாலையில் செய்தான். யாரோ அதைப் போனில் எடுத்து, தஞ்சாவூரிலிருந்து யூடியூபில் நடத்துகிற ஒரு செய்திச் சேனலுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கென்று பார்த்து ஆடித் திருவிழாவில் குச்சி ஐஸ் தின்ற மூன்று பிள்ளைகளுக்கு வாந்தி. அவ்வளவுதான், இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். "குடிநீர்க் குளத்தில் மர்மப் பொடி! யார் இந்த நௌஷாத்?" என்று நாள் முழுக்க அதே படம். அந்தக் குளத்தில் மாடு குளிப்பாட்டுவோம், குடிப்பதா? வெளியூர்ப் பையன்கள் பைக்கில் வந்து சபிஹா வீட்டு ஓட்டில் கல்லெறிந்தார்கள். போலீஸ் நௌஷாத்தைக் கூட்டிப்போய் இரண்டு நாள் வைத்திருந்து, வழக்குப் போட்டு, ஜாமீனில் விட்டிருக்கிறது.

பிள்ளைகள் மறுநாளே எழுந்து விளையாடுகிறார்கள். அதை எந்தச் சேனலும் காட்டவில்லை.

மீரா உசேன் அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். எனக்கு வேறொன்றும் தெரியாது. இந்த வருஷம் நெல் நடவா தெளிப்பா என்று உங்கள் மாப்பிள்ளை இன்னும் முடிவு செய்யவில்லை.

மாலதி

*

ஓமன்,
17-8-2025

அன்புத் தங்கை மாலதிக்கு,

நலமா என்று கேட்கக்கூட மனமில்லை.

நீ எழுதுவதற்கு முன்பே மீரா உசேனுக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வாய்விட்டு அழுதால்கூடத் தேவலை.

கேள். நௌஷாத்துக்கு விசா வந்துவிட்டது. ஆனால் போலீஸ் சான்று வேண்டும். வழக்கு நிற்கிறவரை தரமாட்டார்கள். கம்பெனி அக்டோபர் கடைசி வரைதான் காத்திருக்கும், பிறகு வேறு ஆள். பொடியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம், அது என்றைக்கு வரும்? அது சுண்ணாம்புதான், நான் பார்த்தேன் என்று ஊரில் ஒரு ஆள் ஸ்டேஷனில் போய் எழுதிக்கொடுத்தால் வழக்கை முடித்துவிடலாம் என்று வக்கீல் சொல்கிறாராம்.

ஏன் மாலதி, குளத்தைச் சுற்றி நாற்பது வீடு இருக்கிறது. சுண்ணாம்பைக் கண்ணால் பார்த்த ஒருத்தருமா இல்லை? அவர்கள் ஜமாத்தார் சொன்னால் போலீஸ் நம்பாது. நம் ஆட்கள் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையைப் போகச் சொல். அந்த வீடியோவை எடுத்த நாய் யார் என்றும் விசாரித்து எழுது.

உடனே பதில் போடு.

குணசேகரன்

*

மேலநத்தம்,
21-9-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? இங்கே சம்பா தெளித்தாயிற்று. முளைப்பு நன்றாக இருக்கிறது, அவருக்குத்தான் முதுகு பிடித்துக்கொண்டது.

சந்தோஷமான செய்தி. சேரனுக்கு வேலை கிடைத்துவிட்டது. செய்திச் சேனலில் தாலுகா நிருபர். கழுத்தில் அட்டை, கையில் மைக். விடிந்ததும் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புகிறான். வாத்தியார்கூட எழுந்து நின்று பேசுகிறார். இரண்டு வருஷம் "ஒம் புள்ள என்ன பண்றான்?" என்று கேட்டவர்கள் வாயெல்லாம் இப்போது மூடிவிட்டது. உங்கள் ஆசீர்வாதம் வேண்டும்.

நௌஷாத் விஷயம் கேட்டிருந்தீர்கள். பார்க்கலாம். நமக்கெதற்குப் போலீஸ் விவகாரம் என்று அவர் சொல்கிறார். மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

மாலதி

*

ஓமன்,
4-10-2025

மாலதி,

நேற்று மெஸ்ஸில் நாகப்பட்டினத்துப் பையன் ஒருத்தன் அந்த வீடியோவை முழுசாகப் போட்டுக் காட்டினான். "பாருங்க சார், இப்பக்கூடப் பொடியத் தூவிக்கிட்டிருக்கான், கேக்க நாதியில்ல" என்று பின்னாலிருந்து பேசுவது யார் குரல்? நீ சொல். நான் பேசக் கற்றுக்கொடுத்த குழந்தையின் குரல் எனக்குத் தெரியாதா?

அறைக்கு ஓடினேன். மீரா உசேனிடம் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே, "உக்காரு குணா" என்றான். "மொத நாளே தெரியும். சேரன் கொரலு எனக்குத் தெரியாதா? ஒங்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னுதான்." இரண்டு மாதம், மாலதி. இரண்டு மாதமாகத் தெரிந்துகொண்டே அவன் எனக்குச் சோறு போட்டிருக்கிறான்.

அத்தோடு விடவில்லை. அந்தச் சுண்ணாம்பு மூட்டைகள் வாரக்கணக்கில் உன் மாட்டுக்கொட்டகையில்தான் இருந்தனவாமே? மழையில் நனைந்துவிடும் என்று நீயே வைக்கச் சொன்னாயாமே? அன்று விடிகாலையில் அள்ளிப்போட இரும்புச் சட்டி கொடுத்தவளும் நீதானாமே? "மாலதி அத்தை வந்து சொல்லிடும்னு ரெண்டு நாளும் ஸ்டேஷன் வாசலயே பாத்துக்கிட்டிருந்தேன்" என்று நௌஷாத் தகப்பனிடம் சொல்லி அழுதிருக்கிறான். போலீஸ் உன் வீட்டுக்கும் வந்து கேட்டதாம். தெரியாது என்றாயாம்.

எனக்கும் அதையே எழுதினாய். வேறொன்றும் தெரியாது என்று.

இன்னும் இந்த மாதம் இருக்கிறது. எழுந்து போ. ஸ்டேஷனில் போய்ச் சொல்.

குணசேகரன்

*

மேலநத்தம்,
15-10-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆமாம். எல்லாம் உண்மை. திட்டுங்கள்.

அந்தக் காலையில் நௌஷாத் என் வீட்டில் டீ குடித்துவிட்டுத்தான் போனான். போலீஸ் வந்தபோது சேரன் என் பின்னால் நின்றான். தெரியாது என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போவோம் என்று நினைப்பேன். செருப்பைக்கூட மாட்டியிருக்கிறேன். பொய்ச் செய்தி பரப்பினான் என்று என் பிள்ளையைத் தூக்கி உள்ளே வைத்தால் நான் என்ன செய்வேன்? இப்போதுதான் அவன் மனிதனாக நடமாடுகிறான், நேரத்துக்குச் சாப்பிடுகிறான். அதையும் என் வாயாலேயே கெடுக்கச் சொல்கிறீர்களா?

நீங்கள் பெற்றதில்லை அண்ணா. அதனால் உங்களுக்கு நியாயம் பேச முடிகிறது.

அந்த வரியை எழுதிவிட்டு அடித்துவிட மனம் வரவில்லை. அப்படியே இருக்கட்டும். உங்கள் கடிதத்தைச் சேரனும் பார்த்துவிட்டான். உங்களுக்கு அவனே எழுதுவானாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலதி

*

மேலநத்தம்,
24-10-2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய சட்டை சரியாக இருக்கிறது. நன்றி.

அம்மாவைத் திட்ட வேண்டாம். வீடியோ எடுத்தது நான்தான். அதில் மறைக்க என்ன இருக்கிறது? அது சுண்ணாம்பு என்று தெரியாமல் எடுத்தேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். வண்டியிலிருந்து அந்த மூட்டைகளை இறக்கியதில் நானும் ஒரு ஆள். அப்பா கூப்பிட்டதால் வேண்டாவெறுப்பாகப் போய்க் கை கொடுத்தேன். ஒரு மூட்டை கிழிந்து என் சட்டையெல்லாம் வெள்ளையானது.

ஆனால் மாமா, மேலே இருந்தது சுண்ணாம்பு. அடியில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? தினம் பார்க்கிறோம். தண்ணீரில் கலக்கிறார்கள், சாப்பாட்டில் கலக்கிறார்கள், எத்தனை ஊரில் எத்தனை வீடியோ? அத்தனையும் பொய்யாக இருக்குமா? அன்றைக்கு விடிகாலையில் அவன் குனிந்து தூவுவதைப் பார்த்தபோது, எனக்கு அவன் நௌஷாத்தாகவே தெரியவில்லை. தினம் செய்தியில் பார்க்கிற ஆள் மாதிரிதான் இருந்தான். யாரும் இல்லாத நேரத்தில் ஏன் செய்ய வேண்டும் என்றுதான் தோன்றியது. அப்பாவும் விடிகாலையில்தானே உரம் போடுகிறார் என்று நீங்கள் கேட்பீர்கள். அப்பா வேறு.

நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பொடி தூவுகிறான் என்றேன். தூவினான். மீதியெல்லாம் சேனல் ஆபீஸில் போட்டுக்கொண்டது. நான்கு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு வேலை கொடுத்தார்கள்.

சோதனையில் சுண்ணாம்பு என்று வந்தால் வரட்டும். இந்தத் தடவை சுண்ணாம்பு, அவ்வளவுதான். நீங்கள் அங்கே ஜாக்கிரதையாக இருங்கள்.

உங்கள் மருமகன்,
சேரன்

*

ஓமன்,
16-11-2025

மாலதிக்கு,

நௌஷாத்தின் இடத்துக்கு வேறு ஆள் வந்து சேர்ந்துவிட்டான். எங்கள் அறையிலேயே மூன்றாவது கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மகனுக்கென்று வாங்கி வைத்திருந்த கம்பளியை மீரா உசேன் அவனிடம் கொடுத்தான். இப்போதும் எனக்குச் சோறு அளந்துதான் வைக்கிறான். பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

உன் பிள்ளையின் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். பதில் எழுதப்போவதில்லை. தன் கையால் இறக்கிய மூட்டையை நம்பாதவன் என் பேச்சையா நம்பப்போகிறான்?

பெற்றதில்லை என்று எழுதினாய். சரி, பெறவில்லை. நௌஷாத்தை ஒருத்தி பெற்றிருக்கிறாள். நீ என்னிடம் நியாயம் கேட்காதே, அவள் முகத்தைப் பார்த்துச் சொல். விசா போனது போனதுதான். வழக்காவது தீரட்டும். சபிஹா வீட்டுக்குப் போ. போய்ச் சொல்லிவிட்டு எனக்கு எழுது. அதுவரை எழுதாதே.

குணசேகரன்

*

மேலநத்தம்,
12-1-2026

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் சுகத்தை வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று பார்த்தேன். கேட்க யாருமில்லை. மாத்திரை போடுகிறீர்களா?

நேற்று போனேன். சேரன் திருவாரூருக்குச் செய்தி எடுக்கப் போயிருந்தான், அவர் வயலில் அறுப்பு வண்டியோடு நின்றார். அதனால்தான் போனேன், உள்ளதைச் சொல்கிறேன். கையில் ஒரு சீப்புப் பூவன் பழம்.

நௌஷாத்தான் கதவைத் திறந்தான். பாதியாக இளைத்திருக்கிறான். சோதனை முடிவில் சுண்ணாம்பு என்று வந்துவிட்டதாம். ஆனால் சோதனைக்கு அள்ளியது குளத்தின் ஒரு ஓரத்தில்தானே, மற்ற பக்கம் என்ன போட்டாய் என்று ஸ்டேஷனில் கேட்கிறார்களாம். அதனால் வழக்கு அப்படியே இருக்கிறது. "வாங்கத்தை" என்றான், வழி விடவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

"என்னடா இது?"

"ஒண்ணுமில்லத்தை. இப்பல்லாம் யாரு வந்தாலும் எடுத்து வச்சுக்குறேன். பின்னாடி இல்லன்னு சொல்லிட்டா என்ன பண்றது?"

சபிஹா உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

"மூட்டையெல்லாம் எங்க இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்கத்தை. வேற ஒண்ணும் வேணாம். சேரன் பேரக்கூடச் சொல்ல வேணாம்" என்றான்.

சொல்லத்தான் அண்ணா போனேன். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எங்க கொட்டகையிலதான் இருந்துச்சு, அது சுண்ணாம்பு, நான் பார்த்தேன். எவ்வளவு சின்னப் பேச்சு! வாயைத் திறந்தேன். நாளைக்கு இதை எல்லாரும் பார்ப்பார்கள், சேரன் பார்ப்பான், அவன் ஆபீஸில் பார்ப்பார்கள் என்று தோன்றியது. சேரன் என்னைப் பார்க்கப்போகிற விதம் கண் முன்னால் வந்தது. நௌஷாத்தைப் பார்க்கிற மாதிரி என்னையும் பார்ப்பானே.

"பழம் கொண்டாந்தேன்டா. அம்மாகிட்ட குடு" என்றேன்.

அவன் போனை இறக்காமல் நின்றான். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தான். நான் பழத்தை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். தெருமுனை வரைக்கும் அவன் எடுத்துக்கொண்டுதான் இருந்தான்.

பிப்ரவரியில் வழக்கு வருகிறதாம். நீங்கள் மறுபடியும் போகச் சொல்வீர்கள். போகமாட்டேன் என்று எனக்கே தெரிகிறது அண்ணா.

மாலதி